கோபுரம் யாருடையது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இரண்டு மாதங்களில் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் செல்பேசியைப் பற்றியவையே மிகுதி. ஒரு வாசகர் தாமே ஒரு செல்பேசி நிறுவனம் தொடங்க விரும்புகிறார். மற்றவர்கள் இருக்கிற நிறுவனங்களில் எதனோடு, எந்த விதமான ஒப்பந்தம் செய்துகொள்வது என்று கேட்கிறார்கள். இவற்றை ஒரே இதழில் சேர்த்து விடையளிப்பதே நல்லது என்று தோன்றியது. முதல் கடிதத்துக்கு எழுதிய விடையின் பாதி, பின்வரும் கடிதங்களுக்கும் தேவைப்படுகிறது.

கேள்வி: ஐயா, குவாசூலு-நட்டால் மாநிலத்து உம்சிண்டோ நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை நடத்திவருகிறது. சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் 180 வீடுகள் இருக்கின்றன. செல்பேசி அலை சாலையோர மேட்டில் மட்டுமே கிடைக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் மாவு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அந்த மேட்டில் ஏறி நின்றுதான் பிள்ளைகளோடு பேசுகிறார்கள். பெரிய நிறுவனமொன்றுக்குப் பலமுறை எழுதியும் பயனில்லை. என்னிடம் எட்டு லட்சம் ராண்டு சேமிப்பு இருக்கிறது. என் மைத்துனர் மின் பணியாளர். எங்கள் பகுதிக்கென்று நாங்களே ஒரு சிறிய செல்பேசி நிறுவனம் தொடங்கலாமா? – கடைக்காரர், உம்சிண்டோ உள்நாடு

பதில்: தொடங்கலாம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் உங்கள் சேமிப்புக்குத் தீங்கு செய்தவன் ஆவேன், முடியாது என்று எழுதினால் அது உண்மையாகாது. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செல்பேசி நிறுவனம் என்று நாம் சொல்வது உண்மையில் நான்கு தொழில்களின் கூட்டு. அலைக்கற்றைக்கு உரிமம் வைத்திருப்பது ஒன்று. கோபுரத்தையும் அதன் மின்சாரத்தையும் காவலையும் பார்த்துக்கொள்வது மற்றொன்று. அழைப்பை அடையாளங்கண்டு உரிய இடத்தில் சேர்க்கும் மையக் கருவிகளை நடத்துவது மூன்றாவது. சிம் அட்டை விற்று, கணக்கு எழுதி, பணம் வாங்குவது நான்காவது. இந்த நாட்டில் பெரிய நிறுவனங்கள்கூட நான்கையும் தம் கையில் வைத்திருப்பதில்லை. எம்.டி.என். தன் கோபுரங்களை 2022-இல் ஐ.எச்.எஸ். என்ற கோபுர நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு அமர்ந்தது. செல் சி தன் சொந்த அலைபரப்புக் கருவிகளை நிறுத்திவிட்டு, 2023-க்குள் தன் வாடிக்கையாளர்களை எம்.டி.என்., வோடாகாம் ஆகிய இரண்டின் கருவிகளுக்கு மாற்றிக்கொண்டது. கேப்பிடெக் வங்கி விற்கும் சிம் அட்டையோ செல் சியைச் சார்ந்து ஓடுகிறது. ஆகவே நீங்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது, இந்த நான்கில் எந்தத் தொழிலைச் செய்யப்போகிறீர்கள் என்பதைத்தான்.

அலைக்கற்றையை எடுத்துக்கொள்வோம். செல்பேசிக்கான அலைக்கற்றையை இகாசா என்னும் ஒழுங்குமுறை ஆணையம் ஏலத்தில் விடுகிறது. 2022 மார்ச் மாதத்தில் நடந்த ஏலத்தில் வோடாகாம், எம்.டி.என்., டெல்காம், செல் சி, ரெய்ன், லிக்விட் ஆகிய ஆறு நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 1,440 கோடி ராண்டுக்கு, அதாவது 14.4 பில்லியனுக்கு, எடுத்தன. எட்டு லட்சத்தோடு அந்தக் கூடத்தின் வாயிற்படியில்கூட நிற்க முடியாது. அலைக்கற்றை இருந்தாலும் போதாது: தேசிய எண் திட்டத்திலிருந்து எண்களைப் பெற்றுக் குரல் அழைப்புச் சேவை நடத்துவதற்கு, 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டப்படி தனிநபர் வகை உரிமம் வேண்டும். அந்த வகை உரிமத்தில், வரலாற்று வழியாக ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு 30 விழுக்காடு பங்குரிமை இருக்கவேண்டும் என்ற விதி, உங்கள் குடும்பமும் அப்பிரிவில் அடங்குவதால், உங்களுக்குத் தடையாகாது. ஆனால் மாநில அளவிலும் நாடளாவிய அளவிலும் வலையமைப்பு நடத்துவதற்கான தனிநபர் உரிமத்தை, அமைச்சர் வழிகாட்டி, இகாசா அழைப்பு விடுத்தால்தான் கேட்கவே முடியும். உரிமமும் கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், ரிக்கா என்னும் தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டப்படி ஒவ்வொரு வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் பதிவுசெய்வதும், நீதிபதியின் ஆணை வந்தால் அழைப்பை ஒட்டுக்கேட்கத் தேவையான வசதியை உங்கள் செலவிலேயே செய்து வைத்திருப்பதும் உங்கள் கடமையாகிவிடும்.

“நான்காவது தொழிலை மட்டும் செய்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கக்கூடும். பிறருடைய வலையமைப்பை மொத்த விலைக்கு வாங்கித் தம் பெயரில் சில்லறையாக விற்கிறவர்கள் இந்நாட்டில் பலர். 2006-இல் வர்ஜின் மொபைல் செல் சியின் மேல் தொடங்கியதிலிருந்து வங்கிகளும் துணிக்கடைகளும் இதைச் செய்துவருகின்றன. வங்கிக்கு ஏற்கெனவே பல லட்சம் கணக்குகள் இருப்பதால் ஒரு வாடிக்கையாளரால் கிடைக்கும் சில ராண்டு இலாபமே போதும். 180 வீடுகளில் அந்தச் சில ராண்டு உங்கள் பக்கிக்கு (சரக்கேற்றும் சிறு வண்டிக்கு) ஒரு மாத டீசலைத் தராது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இரவல் வலையமைப்பில் விற்கும் சிம், இரவல் கொடுத்தவரின் கோபுரம் எட்டுகிற இடத்தில்தான் வேலை செய்யும். உங்கள் பள்ளத்தாக்கில் அலையே இல்லை என்பதுதான் குறை. புதிய பெயர் அச்சிட்ட சிம் அட்டை அந்தக் குறையைத் தீர்க்காது.

அலை ஏன் வரவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் நீங்கள் எதை அமைத்தாலும் இதே தடைகளைச் சந்திப்பீர்கள். சமவெளியில் 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய இரண்டாம் தலைமுறைக் கோபுரம் கோட்பாட்டளவில் 35 கிலோமீட்டர் வரை எட்டும். நம் கடற்கரைக்குப் பின்னால் எழும் குன்றுகளில் அந்தக் கணக்கு முதல் வளைவிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு கோபுரம் ஒரு பள்ளத்தாக்கை மட்டுமே பார்க்கும். அடுத்த பள்ளத்தாக்குக்கு அடுத்த கோபுரம், அதற்கொரு சாலை, மின்கம்பி, மின்கலம், காவல். மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-இல் மின்கலங்கள் மீண்டும் நிரம்புவதற்குள் அடுத்த வெட்டு வந்ததால், நகரத்துக் கோபுரங்களே அணைந்துபோயின. கிராமத்துக் கோபுரங்களின் மின்கலங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். இத்தனை செலவையும் 180 வீடுகளின் ஏர்டைமிலிருந்து எடுக்க முடியாது என்று கணக்குப் போட்டதால்தான் நீங்கள் கடிதம் எழுதிய நிறுவனம் மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை, கணக்கைச் சொல்லுகிறேன்.

இனி, உங்களால் செய்யக்கூடியது. 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சில பட்டைகளிலும் வரையறுத்த ஆற்றலுக்குள், இகாசாவின் வகை ஒப்புதல் பெற்ற கருவியைப் பயன்படுத்தினால் அலைக்கற்றை உரிமம் தேவையில்லை. நாம் வீட்டில் வைத்திருக்கும் வைஃபை இதே பட்டைகளில்தான் இயங்குகிறது. திசை நோக்கிய தட்டு ஆண்டெனாவைப் பொருத்தினால் அதே தொழில்நுட்பம் ஒரு குன்றிலிருந்து மற்றொரு குன்றுக்குப் பல கிலோமீட்டர் தாண்டும். கிழக்குக் கேப் மாநிலத்தில் மன்கோசி என்னும் கிராமத்தார், மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, ஜென்சலேனி என்ற கூட்டுறவுச் சங்கத்தை 2014-இல் பதிவுசெய்து இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். ஜென்சலேனி என்றால் கோசா மொழியில் ‘நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று பொருள். வீட்டுக் கூரைகளில் சூரியத் தகட்டோடு கருவிகளை வைத்தார்கள். மின்சாரம் இல்லாத ஊரில் அதே தகட்டிலிருந்து அக்கம்பக்கத்தாரின் கைப்பேசிக்குக் காசுக்கு மின்னேற்றிக் கொடுத்ததே தொடக்கத்தில் சங்கத்தின் வருமானமாக இருந்தது. இகாசாவிடமிருந்து உரிம விலக்கும் பெற்றார்கள்.

உங்கள் திட்டத்தை அந்த வடிவத்தில் மாற்றிப் பார்ப்போம். இணைய இணைப்பு கிடைக்கும் நகரத்தில், அல்லது உங்கள் சாலையோர மேட்டிலேயே, ஒரு முனையை வைக்கவேண்டும். அங்கிருந்து கடைக்கு ஒரு தாவல், கடையிலிருந்து எதிர்க்குன்றுக்கு ஒரு தாவல், பிறகு வீடுகளுக்கு. ஒவ்வொரு தாவலிலும் இரு முனைகளும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கவேண்டும். நடுவில் இலை தழை தடுக்கக்கூடாது. உங்கள் பக்கம் யூக்கலிப்டஸ் தோட்டங்கள் மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: வெட்டிய தோட்டத்தின் மேலாக இன்று துல்லியமாக வேலைசெய்யும் இணைப்பு, மரம் வளர வளர ஆண்டுதோறும் நலிந்து ஒருநாள் நின்றுவிடும், நீங்களோ கருவி பழுது என்று எண்ணி அதை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். கோடையில் நம் உள்நாட்டுக் குன்றுகளில் விழும் இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தரையிணைப்பு வேலையை உங்கள் மைத்துனரிடம் முதல் நாளே ஒப்படைத்துவிடுங்கள்.

வைஃபை என்றால் இணையம்தானே, பேசுவதற்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் பேசுவது ஒருபுறமிருக்க, பெரிய நிறுவனங்கள் வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பை எடுத்துச்செல்லும் வசதியைத் தருகின்றன. கைப்பேசியில் அந்த வசதி இருந்தால், ஒரு பெண்மணி தம் பழைய எண்ணோடும் பழைய சிம்மோடும், மேட்டுக்குப் போகாமல் அடுப்பங்கரையிலேயே நின்று பேசலாம். எண் தரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அதனால் தனிநபர் உரிமத்தின் தொல்லையும் இல்லை.

சட்டத்தில் உங்களுக்குப் பொருந்தும் வாயில் வேறு. ஒரு மாவட்டத்துக்குள் அல்லது ஓர் உள்ளூர் நகராட்சிக்குள் அடங்கும் வலையமைப்புக்கு வகுப்பு உரிமம் என்ற எளிய வகை உண்டு. ஏலமோ அழைப்போ தேவையில்லை, இகாசாவிடம் பதிவுசெய்துகொள்வதே முறை, பத்தாண்டு வரை செல்லும். வலையமைப்புக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று என இரண்டாகப் பதியவேண்டும். இலாப நோக்கமின்றிக் கூட்டுறவாக நடத்தினால் மன்கோசியைப் போல் விலக்குக் கேட்கும் வழியும் இருக்கிறது. கடையின் இலாபத்தை உயர்த்துவது நோக்கமா, பள்ளத்தாக்குக்கு இணைப்புக் கிடைப்பது நோக்கமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்னரே குடும்பத்தில் பேசி முடிவு செய்துவிடுங்கள். இரண்டுக்கும் தாள்கள் வேறு.

பலர் கவனிக்காமல் தடுக்கி விழுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, வீட்டு உபயோகத்துக்கென்று வாங்கிய இணைய இணைப்பை மறுவிற்பனை செய்வதை அநேகமாக எல்லா ஒப்பந்தங்களும் தடைசெய்கின்றன. மறுவிற்பனைக்கு இசைவு தரும் மொத்த இணைப்பையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, நிலம். குவாசூலு-நட்டாலின் ஊரகப் பகுதியில் ஏறத்தாழ 28 லட்சம் ஹெக்டேர் நிலம் 1994-இல் அமைக்கப்பட்ட இங்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. உங்கள் எதிர்க்குன்று அதற்குள் இருந்தால், அங்கே ஒரு கம்பம் நடுவதற்கும் மரபுவழி ஊர்மன்றத்தின் சம்மதமும் அறக்கட்டளையின் குத்தகைத்தாளும் வேண்டும். ஊர்த்தலைவரான இந்துணாவிடம் திட்டம் முடிந்த பிறகு செய்தி சொல்லப் போகாதீர்கள். திட்டம் போடுவதற்கே அவரை அழைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்குக் காவல் நிற்கப்போவது அந்த ஊர்தான்.

பணத்தைப் பற்றி: வீட்டுக்கு மாதம் 100 ராண்டு என்று வைத்து 180-ஆல் பெருக்கி 18,000 என்று மகிழாதீர்கள். மூன்றில் ஒரு வீடு தவறாமல் கொடுத்தால் 6,000. மொத்த இணைப்பின் மாதக் கட்டணம், பழுதாகும் கருவிகள், மின்கல மாற்று, பக்கியின் டீசல் ஆகியவை அந்த 6,000-க்குள் அடங்குமா என்று பாருங்கள். அடங்கினால் முதலில் கடையைச் சுற்றி இருபது வீடுகளுக்கு மட்டும் அமைத்து ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் நடத்திப் பாருங்கள். எட்டு லட்சத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் அதில் போடவேண்டாம் என்பது என் கருத்து. கடைகளில் விற்கும் ‘அலை பெருக்கி’ப் பெட்டியை வாங்கி மேட்டு அலையைப் பள்ளத்துக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அலைக்கற்றை உரிமம் உள்ள நிறுவனத்தின் இசைவின்றி அதை இயக்குவது குற்றம், மேட்டில் இப்போது கிடைக்கிற அலையையும் அது கெடுக்கக்கூடும்.

கேள்வி: நான் டொங்காட்டில் ஆசிரியை. கடையில் ஒரு கைப்பேசியை 24 மாத ஒப்பந்தத்தில், மாதம் 549 ராண்டுக்கு, 2 ஜிபி டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும் சேர்த்துத் தருகிறார்கள். இப்போது ப்ரீபெய்டில் மாதம் ஏறத்தாழ 160 ராண்டு செலவாகிறது; டேட்டாவும் பேச்சும் ஏறக்குறைய அதே அளவுதான். எது இலாபம்? – ஆசிரியை, டொங்காட்

பதில்: அம்மா, நீங்கள் எண்களோடு எழுதியதால் என் வேலை எளிதாயிற்று, ஓர் எண் மட்டும் குறைகிறது. அதே கைப்பேசியை ரொக்கத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவாருங்கள். 7,999 ராண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் நீங்கள் கட்டப்போவது 549-ஐ 24-ஆல் பெருக்கினால் 13,176. அதில் கைப்பேசியின் விலையைக் கழித்தால் மிஞ்சும் 5,177 ராண்டுதான் இரண்டாண்டுச் சேவையின் விலை, மாதத்துக்கு 216. நீங்கள் ப்ரீபெய்டில் செலவிடுவது 24 மாதத்துக்கு 3,840. ஆகவே ஒப்பந்தம் உங்களிடம் கூடுதலாக வாங்குவது 1,337 ராண்டு. இது கைப்பேசியைத் தவணையில் வாங்குவதற்கான வட்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். கையில் எட்டாயிரம் இல்லாதவருக்கு அது கொடிய வட்டி அன்று. கையில் இருப்பவருக்குத் தேவையற்ற செலவு. இன்றைய கைப்பேசி இன்னும் ஈராண்டு ஓடும் என்றால் இரண்டும் வேண்டாம்.

கணக்கில் தெரியாத சில விஷயங்கள் தாளில் இருக்கும். ஒப்பந்தக் காலத்துக்குள் கட்டணத்தை உயர்த்தும் உரிமையை நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட வரி இருந்தால் 549 என்பது முதல் ஆண்டுக்குத்தான். காப்பீடு என்று ஒரு தொகை தானாகச் சேர்க்கப்பட்டிருந்தால், வீட்டுக் காப்பீட்டில் அது ஏற்கெனவே அடங்குகிறதா என்று விசாரித்துவிட்டு நீக்கச் சொல்லுங்கள். டேட்டா தீர்ந்தபின் வெளிக்கட்டணத்தில், அதாவது ஒப்பந்தத் தொகுப்புக்கு வெளியே தனி விலையில், ஓடவிடுவதற்கு உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்பது 2019 பிப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த இகாசா விதி. 50, 80, 100 விழுக்காடு தீர்ந்ததும் அறிவிப்பு அனுப்புவதும், மிஞ்சிய டேட்டாவை அடுத்த காலத்துக்குக் கொண்டுசெல்லவும் அதே வலையமைப்பிலுள்ள பிறருக்கு மாற்றவும் வழி தருவதும் அதே விதியில் உண்டு. கடைப்பையன் ‘எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுவிடுகிறேன்’ என்று படிவத்தை நிரப்பினால், அந்தச் சம்மதமும் அதில் போய்விடும்.

ஒப்பந்தம் என்றால் 24 மாதச் சிறை என்று பலர் அஞ்சுகிறார்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த அச்சத்துக்கு விடை சொல்கிறது. பொதுவாக 24 மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் நீளக்கூடாது. எழுத்தில் 20 வேலை நாள் அறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதுவரை தரவேண்டிய பாக்கியோடு, நியாயமான விலகல் தொகையை நிறுவனம் கேட்கலாம். கைப்பேசியின் மீதி விலை அந்தத் தொகையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால், ஐந்தாம் மாதத்தில் விலகுவது மலிவாக இருக்காது. சிம் மட்டும் தரும் ஒப்பந்தத்தில் இந்தச் சுமை பெரும்பாலும் இல்லை. ஆசிரியர்களுக்கு நான் சொல்வது அதுதான்: கைப்பேசியைத் தனியாக வாங்குங்கள், சிம்மை மாதத்துக்கு மாதம் என்ற அடிப்படையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பேரன் வங்கி சிம் ஒன்று வாங்கிக் கொடுத்தான். டர்பனில் நன்றாக இருந்தது. நுட்வேடுவே பக்கம் என் மகள் வீட்டுக்குப் போனால் அலை இல்லை. மருமகனின் வோடாகாம் கைப்பேசி மட்டும் வேலை செய்கிறது. சிம் பழுதா? – ஓர் ஆயா, ஃபீனிக்ஸ்

பதில்: ஆயா, சிம் பழுதில்லை, பேரனையும் திட்டவேண்டாம். முதல் விடையில் எழுதியதுபோல், வங்கி விற்பது பெயரும் கணக்கும்தான். செல் சியின் மேல் ஓடும் இத்தகைய சேவைகளும் செல் சியின் ப்ரீபெய்டும் எம்.டி.என். கருவிகளின் வழியாக இயங்குகின்றன; செல் சியின் மாதாந்தர ஒப்பந்த வாடிக்கையாளர்கள் வோடாகாம் கருவிகளின் வழியாக இயங்குகிறார்கள். ஆகவே ஒரே நிறுவனத்தின் பெயர் பொறித்த இரண்டு சிம்கள்கூட மகள் வீட்டில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளலாம். அந்த வளைவில் எம்.டி.என். கோபுரம் எட்டவில்லை, வோடாகாம் எட்டுகிறது, அவ்வளவே.

விலையில் வங்கி சிம் பெரும்பாலும் நல்லது. கேப்பிடெக் 2022-இல் தொடங்கியபோது 100 எம்பி டேட்டா 4.50 ராண்டு, அதற்குக் காலாவதியே இல்லை என்று விற்றது. 2020 ஏப்ரலுக்கு முன் பெரிய நிறுவனங்களில் 30 நாளில் காலாவதியாகும் 1 ஜிபிக்கு 149 ராண்டு கொடுத்த நமக்கு அது பெரிய மாற்றம்தான். போட்டி ஆணையத்தின் 2019 அறிக்கைக்குப் பிறகே அந்த 149 ராண்டு 99 ஆயிற்று என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கைப்பேசியில் இரண்டு சிம் இடம் இருந்தால், வங்கி சிம்மை டேட்டாவுக்கு வைத்துக்கொண்டு, மகள் வீட்டுக்காக ஒரு வோடாகாம் ப்ரீபெய்டு சிம்மையும் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் அதைப் பதிவுசெய்ய அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள்.

ஊரகத்தில் ஒப்பந்தம் செய்யப்போகிற எல்லோருக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நிறுவனங்களின் வலைத்தளத்தில் உள்ள எல்லை வரைபடம் கணினி போட்ட கணிப்பு. அது உங்கள் அடுப்பங்கரையைப் பார்த்ததில்லை. இரண்டு மூன்று நிறுவனங்களின் ப்ரீபெய்டு சிம்களை வாங்கி, வீட்டுக்குள்ளும் வெளியிலும், எல்லோரும் படம் பார்க்கும் இரவு ஏழு முதல் ஒன்பது மணிக்குள்ளும், மின்வெட்டு இருந்தால் அதன் மூன்றாவது மணி நேரத்திலும் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியின் அமைப்புகளில் அலை வலிமை எண்ணாகத் தெரியும். நான்காம் தலைமுறை அலையில் அது கழித்தல் 90 போல் இருந்தால் நலம், கழித்தல் 115-ஐத் தொட்டால் எந்த ஒப்பந்தமும் அங்கே வீண். கூரையில் வெளி ஆண்டெனா பொருத்திய நிலையான ரவுட்டர் சில வீடுகளில் அந்த எண்ணை உயர்த்தும். அலை பெருக்கிப் பெட்டியைப் போல் அது சட்டச் சிக்கலில் மாட்டாது.

கேள்வி: எங்கள் கோயில் அறக்கட்டளையின் பெயரில் எடுத்த ஐந்து சிம் ஒப்பந்தங்களை விலக்கக் கேட்டோம். 24 மாதம் முழுவதற்கும் கட்டவேண்டும் என்கிறார்கள். 14-ஆம் பிரிவைக் காட்டினால் பொருந்தாது என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – நிர்வாகக் குழு உறுப்பினர், வெருலம்

பதில்: ஏமாற்றவில்லை. 14-ஆம் பிரிவு இரண்டு சட்டநிலை அமைப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது; அறக்கட்டளை, சங்கம், கம்பெனி, கூட்டாண்மை எதுவாயினும், ஆண்டு வரவு ஆயிரம் ராண்டாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அமைப்புதான். அடுத்த முறை 12 மாதத்துக்கு மேல் கையெழுத்திடாதீர்கள், அல்லது விலகும் விதியைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். முதல் கேள்வியைக் கேட்ட உம்சிண்டோ நண்பரும் மொத்த இணைப்புக்குக் கையெழுத்திடும்போது இதை மறக்கக்கூடாது.

கேள்வி: என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘மேம்படுத்தித் தருகிறேன்’ என்றார். சரி என்றேன். புதிய 24 மாதம் தொடங்கிவிட்டது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாமா? – ஓய்வுபெற்றவர், சாட்ஸ்வொர்த்

பதில்: எண்ணை மாற்றலாம், 2006 நவம்பரிலிருந்து அந்த உரிமை உண்டு. ஆனால் எண் போனாலும் ஒப்பந்தக் கடன் போகாது. மாதாமாதம் வங்கிக் கணக்கில் பிடித்தம் நடந்துகொண்டேயிருக்கும். அவராகவே உங்களை அழைத்து விற்ற ஒப்பந்தமாகையால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி 5 வேலை நாட்களுக்குள், காரணம் சொல்லாமல், அபராதமின்றி, எழுத்தில் அறிவித்து விலகலாம். பெட்டி வந்திருந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அந்த நாட்கள் கடந்திருந்தால் 14-ஆம் பிரிவின் 20 வேலை நாள் வழியே மிச்சம். ஒப்பந்தம் முடிவதற்கு முன் 80-இலிருந்து 40 வேலை நாட்களுக்குள் நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் அறிவித்திருக்கவேண்டும், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது மாதத்துக்கு மாதம் என்றே தொடரும் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டு, அழைப்பின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். நிறுவனம் விடை தராவிட்டால் இகாசாவுக்கு முறையிடலாம்.

அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பி, அனுப்பிய நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வேலை நாள் கணக்கில் அனுப்பிய நாளும் சனி ஞாயிறும் அரசு விடுமுறைகளும் சேரமாட்டா. டிசம்பர் 15-ஆம் நாள் அனுப்பினால், 16, 25, 26, ஜனவரி 1 ஆகியவற்றைத் தள்ளி எண்ணும்போது இருபதாவது நாள் ஜனவரி நடுவில்தான் வரும். ஆகவே ஜனவரி மாதத் தவணை ஒன்று பிடிக்கப்படும் என்று எதிர்பார்த்து, கணக்கில் அதற்கான பணத்தை வைத்திருங்கள்.